பதினான்காம் ஷரத்து

கங்கைகொண்டான் மில் கேட்டுக்கு எதிரே
புரோட்டாக் கடையின் பின்கட்டில் ஓட்டு.
பெட்டி என்று தனியாக இல்லை,
கோன் அடுக்கும் அட்டைப்பெட்டியில் ஒரு கிழிசல்.

மாசம் ஆயிரத்து இருநூறு கூடும்.
மூணு வருசத்துக்கு மறுபேச்சு கிடையாது.
பதினான்காம் ஷரத்து:
விசாரணைக்குத் தொழிலாளி தனியாகவே வர வேண்டும்.

"அது என்னத்துக்கு? நாம என்ன களவாண்டோமா?"
என்றாள் ரிங் பிரேம் பேச்சித்தாய்.
அவள் சொல்வதும் நியாயம்தான்.
எனக்குத் தாழையூத்துச் சீட்டு ரெண்டு தவணை பாக்கி.

போன ஆடியில்
கழிவுப்பஞ்சு கணக்கில் குறைகிறது என்று
ஏசி அறையில் என்னை உட்கார வைத்தார்கள்.
நாலு பேர் அந்தப் பக்கம்.
இந்தப் பக்கம் நானும் கோயில்பிச்சையும்.
அவர் பெரிதாக ஒன்றும் பேசவில்லை.
நான் கையெழுத்துப் போட வேண்டிய தாளைத்
தன் முன்னால் இழுத்து வைத்து,
எழுத்துக் கூட்டி, சத்தமாக வாசித்தார்.
அவ்வளவுதான்.
பாதி வாசிக்கையிலேயே
மேனேஜர் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

இன்று பென்சிலை அவர்தான் நீட்டினார்.
நீட்டிவிட்டு,
மாவு அடிக்கிற பக்கம் திரும்பிக்கொண்டார்.

மடித்துப் போட்டு வெளியே வந்தேன்.
ஷிப்ட் பஸ் ஹாரன் அடிக்கிறது.
"என்னத்தப் போட்டே?" என்கிறாள் பேச்சித்தாய்.
சீட்டுக்காரிகிட்ட என்ன சொல்லன்னு
யோசிச்சிட்டிருக்கேன் என்றேன்.