விசுவமடுவில் ஒரு செலிக்கா

பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில்
அரிசிச் சாக்குக்குள் வந்தது ரேர்போ.
கொண்டக்டர் தடவிப் பார்த்தான்: "என்ன அண்ணை, நத்தையோ?"
ஓம், நத்தைதான்.
நிமிசத்துக்கு லட்சம் தரம் சுத்துற நத்தை.

ஏழு மாதமாய்க் கார் மாட்டுக்கொட்டிலில்.
மாடு வெளியே நின்று
என்னையே பார்த்து அசைபோடுது.
பிஸ்டன் நாலும் சுகிர்தாவின் இடியப்பத் தட்டுகளில்,
ஒன்று, மூன்று, நாலு, இரண்டு,
பற்றுகிற ஒழுங்கில்.
"இரவைக்கு எதில அவிக்கிறது?"

காற்றை நசுக்கி ஊட்டினால் பலம் கூடும்.
எங்கட காற்றில் பாதி செம்மண்.
வடிகட்டிக்கு மேலே அவளின் பழைய பாவாடைத்துணி.
இன்ரர்கூலர், மாங்குளத்தில் கவிழ்ந்த லொறியுடையது,
பம்பருக்குள் அடங்காமல் பல்லைக் காட்டுது.

நேற்றுப் பின்னேரம் ஸ்ரார்ட் பிடித்தது.
நீலப் புகை. நாய் வேலி பாய்ந்தது.
மூவாயிரம் தாண்டினால் கூவ வேணும்.
நுளம்பு, மணிக்கூட்டு அலாரம்,
அந்தச் சுருதியெல்லாம் என் காதில்
இரண்டாயிரத்து ஒன்பதோடு சரி.

"கேட்குதோ?"

பொனற்றில் கை ஊன்றி நின்றவள்
நான் மிதிக்க மிதிக்கக் குனிந்தாள்,
முழங்கால் தானாய் மடிந்து
நிலத்தோடு நிலமானாள்.

காலை எடுத்தேன்.

கன நேரம்.
எழும்பி, சட்டையில் ஒட்டின மண்ணைத் தட்டினாள்.
"கூவுது" என்றாள்.
"திரும்ப மிதியுங்கோ."

மிதித்தேன். இந்த முறை நின்றபடியே,
கண்ணை மூடி, தலையைச் சரித்து.

"உள்ளுக்கை ஒரு சீறலும் கேட்குது.
வலப்பக்கக் குழாயில காத்துப் போகுது போல.
அந்தக் கிளிப்பை இறுக்குங்கோ."