பன்னிரண்டு நாள் வித்தியாசம்

முதலில் இரண்டு தீக்கோளங்கள் இருந்தன.
ஒன்று, எஸ்தோனியத் தீவொன்றின் சபைப் பேரேட்டில்,
ஒரு ஞானஸ்நானத்துக்கும் ஆட்டுக் கொள்ளைநோய்க்கும் நடுவில்.
பாதிரியார் ஹோல்ஸ்டின் எழுதுகிறார்:
1841, அக்டோபர் நான்கு, அந்தி. வானம் கிழிந்தது.
மூவர் கண்டனர்.
இன்னொன்று லூபெக் கப்பலின் நாட்குறிப்பில்,
அக்டோபர் பதினாறு.

ஜார் ஆண்ட கரையில் காலம்
பன்னிரண்டு நாள் பிந்தி நடந்துகொண்டிருந்தது.
கழித்தேன். இரண்டும் ஒன்றாயின.
ஒரு நெருப்பை நானே ஊதி அணைத்ததுபோல்
கொஞ்சம் வருத்தம்.

ஆலைக்காரன் யாக் சொன்னது: வண்டிச்சக்கரம் அளவு.
மீன்காரி லேனா: முழு நிலவு,
சூடான கல்லில் தண்ணீர் ஊற்றியதுபோல் சீறல்.
ஆடு மேய்த்த பையன்:
தெரியாது, குப்புற விழுந்துவிட்டேன்.
அவனைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

"கோபுரத்துக்கு வலப்பக்கம் இறங்கியது" என்ற
ஒற்றை வரியை வைத்து வரைபடத்தில் கோடிழுத்தேன்.
கோடு நேராகக் கடலில் போய் முடிந்தது.
கோப்பை மூடிவைத்தேன், நான்கு வருடம்.

பிறகு, வேறு எதற்கோ புரட்டியபோது, ஒரு கொத்தனாரின் ரசீது:
எரிந்த தேவாலயத்துக்குப் பதில் புதியது,
முந்நூறு அடி வடக்கே, மேட்டில்.
கூலி பாக்கி என்று ஓரத்தில் ஒரு திட்டு.

கோட்டை நகர்த்தினேன்.
அது லெபிக்கு பண்ணையின் கொல்லையில் போய் நின்றது.

தைவோ டிராக்டரிலிருந்து இறங்காமலே கேட்டான்:
அந்தக் கறுப்புக் கற்களா?
சௌனா அடுப்பில் வைத்தார்களாம். வெடித்ததாம்.
கந்தக நாற்றமாம்.
தார்ச்சாலை போட வந்தவர்களிடம்
ஜல்லியோடு ஜல்லியாகக் கொடுத்துவிட்டார்களாம்.

சாலையோரம் ஒரு மைல் காந்தத்தைக் கட்டி இழுத்தேன்.
ஓரிடத்தில் துள்ளியது.
மண்ணைக் கிளறினால்
தைவோவின் டிராக்டரில் காணாமல்போன மரை.
வாங்கிக்கொண்டு நன்றி சொன்னான்.

இன்று சனிக்கிழமை, குளித்துவிட்டுப் போங்கள் என்றான்.

இருட்டில், பலகையில், வியர்த்து உட்கார்ந்திருந்தேன்.
அவன் ஒரு கரண்டி நீரைக் கல்லில் வீசினான்.
லேனா சொன்ன சீறல்.
மிகைப்படுத்தல் என்று பென்சிலால் அடித்திருந்தேனே அதை.

அப்போதுதான் உறைத்தது.
ஈரத் துண்டோடு வெளியே ஓடி
கைபேசியில் கிழமை பார்த்தேன்:
பழைய கணக்கில் அக்டோபர் நான்கு, சனி.

ஊரில் நூற்றிருபது பேர், சாட்சி மூன்றே பேர் ஏன் என்று
இத்தனை வருடம் குழம்பியிருக்கிறேன்.
மற்றவர்கள் எல்லாரும் உள்ளே இருந்திருக்கிறார்கள்,
முதுகில் இலைக்கொத்தால் அடித்துக்கொண்டு.
சத்தம் கேட்டும் இருக்கும்.
யாரோ இன்னொரு கரண்டி ஊற்றினார்கள் என்று
கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள்.