ஆறுக்கு நாற்பத்தொன்று

பீன்யா மேம்பாலம் ஏறும்போது
பின்னாலிருந்து ஒரு முனகல்.
ரேடியோ என்று நினைத்தேன்.
ரேடியோ போன வருடமே செத்துவிட்டது.

நெலமங்கலாவுக்கு இந்தப் பக்கம்
ஓரங்கட்டிக் கீழே படுத்துப் பார்த்தால்
டிஃப்ரன்ஷியல் கூட்டில் விரல்நீள விரிசல்.
வந்த வழியெல்லாம் எண்ணெய்க் கோடு.

ஜவ்வரிசி மூட்டைகள் வேறு லாரிக்கு மாறிப் புனே போயின.
வாடகையும் அவற்றோடு ஏறிக்கொண்டது.
என்னை மட்டும் கயிறு கட்டி
யஷ்வந்த்பூர் டெர்மினலுக்கு இழுத்து வந்தார்கள்.

முனவ்வர் வடிகால் திருகைக் கழற்றி
அதன் காந்தத்தில் முளைத்திருந்த இரும்பு மயிரை
விரலில் தேய்த்துப் பார்த்தார்.
"பேரிங் போச்சு. கூடும் போச்சு.
பல்லு மட்டும் கல்லு மாதிரி இருக்கு சார்."
நாற்பத்தாறு வயதில்
எந்த டாக்டரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை.

கலாசிபாளையத்தில் கூடு கிடைத்தது.
கடைக்காரர் வெறும் கூட்டைத் தர மாட்டாராம்,
உள்ளே இருக்கும் ஜோடியோடுதான் எடுக்க வேண்டுமாம்.
பத்தொன்பதாயிரம்.
உள்ளே இருந்தது முப்பத்தேழு பல் கிரௌன்.
எங்களுடையது நாற்பத்தொன்று.

சங்ககிரியிலிருந்து செங்கோடன் பேசினார்.
லாரியில் பாதி அவருடையது
(எந்தப் பாதி என்று நாங்கள் எழுதிக்கொள்ளவில்லை).
"முப்பத்தேழையே மாட்டுப்பா, டீசல் மிச்சம்."
"தொப்பூர் ஏற்றத்தில் வந்து தள்ளுவீர்களா?"
கொஞ்ச நேரம் லைனில் அவருடைய மின்விசிறி மட்டும் சுற்றியது.
"எதையாவது செய். கணக்கு எழுதி வை."

ஆக்ஸிலை இரண்டு பக்கமும் உருவி
புரொப்பெல்லரைத் தூக்கிக் கட்டி
பழைய கூட்டை ஜாக்கி மேல் இறக்கியபோது
மெட்ரோ மேலே போனது.
சன்னலோரத்தில் ஒரு பெண்
வயிறு திறந்த லாரியைப் பார்த்து
கண்ணை எடுத்துக்கொண்டாள்.

கிரௌன் முதுகில் ஒரு எண். பினியன் நெற்றியில் அதே எண்.
"பிறந்ததிலிருந்து ஜோடி, பிரிக்கக் கூடாது" என்றார் முனவ்வர்.
அவர் தாம்பிக்கா ரிஞ்சைத் தேடும் நேரத்தில்
நான் சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டேன்:
ஆறும் நாற்பத்தொன்றும் எதிலும் ஒத்து வகுபடாது.
அதனால் இதன் ஒவ்வொரு பல்லும்
அதன் அத்தனை பல்லையும் கடித்தே தீரும்,
முறை வைத்து, ஒன்றைக்கூட விடாமல்.
ஒன்பது வருடம். நாலரை லட்சம் கிலோமீட்டர்.
அங்கே யாருக்கும் யாரும் அந்நியமில்லை.

மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி
புதுக் கூட்டில் பழைய ஜோடி.
பல்லில் நீலம் தடவிச் சுற்றினோம்.
கறை ஆழத்தில் விழுந்தது.
பிரி. பினியனுக்கு அடியிலிருந்து ஒரு தகட்டை எடு. பூட்டு. சுற்று.
இப்போது நுனியில்.
பிரி. அதில் பாதிக் கனத்தில் ஒன்றைத் திரும்பப் போடு.
மழை வந்து போனது. தார்ப்பாய்க்குள் மூன்று டீ.
ஐந்தாவது முறை
நீலம் பல்லின் நடுவயிற்றில்
புளியங்கொட்டை அளவு உட்கார்ந்தது.
முனவ்வர் கிரௌனைக் கட்டைவிரலால் அசைத்தார்.
டிக்.
இன்னொரு டிக்.
"இவ்வளவு இடம் விடணும். விடலேன்னா சூடாகிக் கடிச்சிக்கும்."

இரவு பதினொன்றுக்குக் கொரகுண்டெபாளையத்தில் திருப்பினேன்.
வெளிச்சக்கரம் அகலமாக ஓடியது,
உள்சக்கரம் நின்ற இடத்திலேயே ஏதோ யோசித்தது.
முனகல் இல்லை.
காது அதைத் தேடியது, சொல்ல வெட்கம்தான்.

வேண்டாத முப்பத்தேழு
சாக்குப்பைக்குள், சீட்டுக்கு அடியில்.
அதுவும் ஜோடிதான், அதற்கும் ஓர் எண் இருக்கிறது.
கணக்கில் அதை எந்தப் பக்கம் எழுதுவது?
ஒவ்வொரு வேகத்தடையிலும்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வருகின்றன,
பூட்டுவாரில்லாமல்.