இடது கை, நாலாம் விரல்

கரிக்கு நாலு கை என்று பள்ளியில் படித்திருப்போம்.
இதற்கு இரண்டுதான்.
இரண்டையும் இரு நைட்ரஜன்கள் பிடித்திருக்க,
மடியில் இன்னும் யார் பேருக்கும் எழுதிவைக்காத
ஓர் இணை எலெக்ட்ரான்.
கார்பீன்.
உலோகத்தோடு சேரும்போது ஈனி என்கிறோம்;
இருப்பது ஒரே சொத்து, அதையும் கொடுத்துவிடும்.

ரோஸ்டாக்கில் ஆகஸ்ட். முப்பத்தொரு டிகிரி.
வார்னோ ஆற்றில் பாய்மரக் கப்பல்கள் வந்து அடைந்த வாரம்.
மூன்றாம் மாடியில் ஸ்வான்யெ
ஆர்கான் நிரம்பிய பெட்டிக்குள் தோள்வரை கைவிட்டு
வெள்ளைப் பொடியை நிறுக்கிறாள்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் முகம், வேர்வை.
அந்தப் பக்கம் ஒரு துளி கூடாது.

உப்பாக இருந்தவரை சாது.
அலமாரியில் மாதக்கணக்காகக் கிடந்தது.
காரமொன்று அதன் ஒற்றை ஹைட்ரஜனைப் பிடுங்கிப்போன பிறகுதான்
இந்தப் பத்தியமெல்லாம்:
உலர்த்திய கரைப்பான், அடுப்பில் காய்ந்த குப்பி,
மைனஸ் முப்பத்தைந்து, மூடியைச் சுற்றி நாடா.
பிராணவாயுவைக்கூட அவ்வளவாகச் சட்டை செய்யாது.
தண்ணீர்தான் ஆகாது.

ஆனால் பல்லேடியத்தைப் பிடித்துவிட்டால் பார்க்க வேண்டும்.
கொடுத்த எலெக்ட்ரானின் தெம்பில் உலோகம் போய்
குளோரினின் பிடிவாதமான பிணைப்பை உடைத்துவரும்.
இரு புறமும் கவிந்த தடித்த குடைகள்
உள்ளே கூடியதை நெருக்கி, நெருக்கி,
வெளியே தள்ளும்.
மறுபடி காலி. மறுபடி அடுத்தது.
ஆயிரம் முறை என்று யோரிட் கணக்குப் போட்டிருந்தான்.
மூன்று தடவை ஆயிரம்.
நாலாவது தடவை, நாற்பதோடு நின்றது.

பல்லேடியத்தைச் சந்தேகித்தார்கள்.
அமீனை மறுபடி வடித்தார்கள்.
கிளறும் காந்தத்தைக்கூட மாற்றினார்கள், வெட்கமில்லாமல்.

காந்த அலைமானியில் ஒரு வழக்கம் உண்டு:
உப்பில் பத்தை ஒட்டி ஒரு முனை நிற்கும்,
பறிபோன அந்த ஹைட்ரஜனுடையது.
கார்பீனில் அந்த இடம் வெறுமை.
வெறுமையைப் பார்த்துத்தான் நல்லது என்று எழுதுவார்கள்.
வெள்ளிக்கிழமை இரவு
குப்பியில் மிச்சமிருந்ததை ஸ்வான்யெ அளந்தாள்.
பத்தை ஒட்டி
ஒரு சின்னப் பல்.

"ஆர்கான் உருளை ரெண்டு நாள் முன்னாலேயே தீர்ந்துபோச்சு,"
என்றான் யோரிட், யாரையும் பார்க்காமல்.
ஈரமானியின் பழைய கோட்டை உருட்டினார்கள்.
செவ்வாய் மதியத்திலிருந்து
மெல்ல, மிக மெல்ல ஏறியிருந்தது;
அபாய மணி எட்டாத உயரம்.

செவ்வாய் மதியம் வெயிலில் விரல் வீங்கி
மோதிரம் கழலவில்லை.
சோப்புப் போட்டாள், குளிர்ந்த நீரில் பிடித்தாள்.
பிறகு அதன்மேல் ஒட்டுநாடா சுற்றி,
அதன்மேல் மெல்லிய கையுறை போட்டு,
ஒரு நிறுவல்தானே என்று உள்ளே போனாள்.
பெட்டிக்கு மேலே ஒட்டிய தாளில்
முதல் வரி: மோதிரம், கடிகாரம் கழற்றவும்.
கையெழுத்து அவளுடையது.

ரப்பர் கையை ஊதவைத்து
சோப்புநீர் தடவினாள்.
நாலாம் விரலில் ஒரு குமிழி வந்தது.
உடைந்தது. இன்னொன்று வந்தது.

பதிவேட்டில் எழுதினாள்:
துளை. இடது கை, நாலாம் விரல். என்னால்.
யோரிட் படித்தான். பேனாவை வாங்கி
கீழே நேரத்தை மட்டும் குறித்தான், 23:50.

கெட்டதைக் கொட்டிவிடவும் முடியாது.
வடிந்த கரைப்பானில் கரைத்து, சாராயம் சொட்டுச் சொட்டாக விட்டு
அடக்கி, பெயரெழுதி,
கழிவு டப்பாவில்.
பதினோரு கிராம்; ஒன்றரை வாரம்.
திங்கட்கிழமை மறுபடி உப்பிலிருந்து.

கீழே இறங்கினார்கள்.
ஸ்வீடன் போகும் கப்பல் ஊதிற்று.
துறைமுகக் கடையில் மிஞ்சியிருந்த கடைசி மீன்ரொட்டியை
பாதிப் பாதியாகப் பிய்த்துக்கொண்டார்கள்.
காற்று ஈரமாக இருந்தது, தாராளமாக.
அவள் மோதிரத்தைத் திருகிப் பார்த்தாள்.
இப்போது சுலபமாகக் கழன்றது.