கோட்டுக்கு மேலே

லாங்னாவில் பனி இன்னும் விடவில்லை.
ஹியூர்லிமான் டிராக்டரின் கீழ்
ராத்திரி விரித்த அட்டையில்
மூன்று பொட்டு.
கறுப்பில்லை, எஞ்சின் தப்பியது.
விரலில் தேய்த்து முகர்ந்தேன்:
கந்தக வாடை. கியர் ஒயில்தான்.

"ஹைட்ராலிக்குக்கு வாரம் ஒரு லிட்டர் ஊற்றுகிறேன்,
எங்கே போய்த் தொலைகிறதோ"
என்றாள் ரொஸ்விதா, கையுறையைக் கழற்றாமல்.

கியர்பெட்டி வற்றியிருக்குமென்று
அளவுகோலை உருவினேன்.
கோட்டுக்கு மேலே நாலு விரல்.

ஒழுக்கு வெளியே இல்லை.
பம்புத் தண்டில் சீல் கிழிந்து
ஒரு வீட்டுக் கஞ்சி
அடுத்த வீட்டுப் பானைக்குப் போகிறது.
தரையில் விழுந்தது வழிசல் மட்டும்.

சீல் பதினெட்டு பிராங்க்.
அதைத் தொட
டிராக்டரை இரண்டாகப் பிளக்கவேண்டும்.

"புல் வெட்டுக்கு முன்னா, பின்னா?"

அட்டையை மடித்தேன்.
மூன்றாம் கியர் துள்ளி விலகுவதை
இன்னும் நான் சொல்லவில்லை.