ஓரங்களை அழிக்கிறவள்

போத்னியா வளைகுடா ஓரத்து நூலகத்தில்
திரும்பி வரும் புத்தகங்களைத் துடைப்பது என் வேலை.
காபி வட்டம், மீன் எண்ணெய் விரல்,
நசுங்கிய பேருந்துச் சீட்டு,
பிறகு அந்தப் பென்சில்.

வரலாற்று அடுக்கில் மட்டும் மேய்கிற பென்சில்.
யாருடையது என்று பார்க்க
இரண்டு பொத்தான்களைத் தட்டினால் போதும்.
கூடாது என்கிறாள் மேலாளர் ஹில்க்கா.
அழி, படிக்காதே என்கிறாள்.
படிக்காமல் எப்படி அழிப்பது?

உலகை மாற்றியது ஊசி என்கிறது ஓர் அட்டை.
உள்ளே, சாய்ந்த கையெழுத்தில்:
"போன மாதம் தார். அதற்கு முன் வெங்காயம்.
பாவம், எத்தனை முறைதான் மாறும் இந்த உலகம்."

பேரரசன் கடிதத்தை மடித்துவிட்டுப்
பெருமூச்சு விட்டான் என்ற வரிக்கு எதிரே:
"கேட்டது யார்? கடிதமா?"

மாண்டவர் சுமார் நாற்பதாயிரம் என்ற இடத்தில்:
"அந்தச் சுமாருக்குள் எத்தனை பேர் கிடக்கிறார்கள்?"

தலையணை கனமுள்ள ஒரு நூலில்
நூற்றுப் பதினேழு 'ஒருவேளை'களை எண்ணி
கடைசித் தாளில் கூட்டுத்தொகை போட்டிருந்தது.
"எழுதியவருக்குக் கூலி உண்டு. எண்ணியவனுக்கு இல்லை."

நகரத்துச் சாக்கடைகளைப் பற்றி
ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் எழுதிய,
ஆண்டுக்கு ஒருவர்கூட எடுக்காத மெலிந்த புத்தகத்தில்
மொத்தமே ஒரு சொல்:
"தோண்டியவன்."
அதை அழிக்க மட்டும் எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

எல்லாவற்றிலும் நான் அந்தப் பென்சிலின் கட்சி அல்ல.
பெருமூச்சுகள் எனக்குப் பிடிக்கும்.
கடைசிப் பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது
அரசன் ஒரு மூச்சாவது விடாவிட்டால்
நான் தூங்கி, நிறுத்தத்தைத் தவறவிடுவேன்.

ஜனவரியில் எங்கள் ஊர்ப் புத்தகம் வந்தது.
மர அறுவை ஆலை எரிந்த இரவைப் பற்றி
ஹெல்சிங்கிக்காரர் ஒருவர் எழுதியது.
பின்னட்டையில் கைகட்டி நிற்கிறார்.
முதல் வரி:
அன்றிரவு பனி மெல்லப் பெய்துகொண்டிருந்தது.

தாள் கிழியும் அழுத்தத்தில்:
"பொய். மழை.
எனக்கு எட்டு வயது.
சட்டைக் காலருக்குள் தண்ணீர் ஓடியது."

மூன்று வருடத்தில்
அந்தப் பென்சில் எழுதிய முதல் 'எனக்கு'.

மதிய இடைவேளையில் துறைமுக அலுவலகத்துக்குப் போனேன்.
அந்த வருடத்து வானிலைக் குறிப்பேட்டைத்
தூசு தட்டிக் கொடுத்தார்கள்.
இரவு பத்து மணி. பனி, லேசாக. மைனஸ் நான்கு.

கைகட்டியவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்.
அவர்மேல் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது?
பென்சில் தோற்றதைச் சாப்பாட்டுப் பெட்டியோடு
தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

மாலை பேருந்து நிலையத்தில்
சாசேஜ் சுடும் கடையின் புகைக்குழாய்க்குக் கீழே
குளிருக்கு ஒதுங்கினேன்.
விளக்குக் கம்பத்து வெளிச்சத்தில் பனி.
தெருவெல்லாம் பனி.
என் கையுறையில் மட்டும்
சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

பேருந்து வந்தது, போனது.
நான் ஏறவில்லை.

துறைமுகத்திலிருந்து ஆலைக்கு இரண்டு கிலோமீட்டர்.
குறிப்பேடு அங்கே நின்று எழுதியது.
பையன் அங்கே நிற்கவில்லை.

மறுநாள் மற்ற ஓரங்களையெல்லாம் அழித்தேன்:
ஆற்றின் பெயர் தப்பு, ஃபோர்மன் அப்படிப் பேசமாட்டார்,
எண்பதாம் பக்கத்தில் வெறும் "ம்."
ரப்பர்த் தூளை ஊதிவிட்டேன்.
புத்தகத்துக்காக இன்னும் ஆறு பேர் வரிசையில்.
முதல் பக்கத்தைத் தொடவில்லை.

ஹில்க்கா சாப்பிடப் போனதும்
மேசையிலிருந்து பென்சில் எடுத்து
அந்தக் காலர் வரிக்குக் கீழே,
தேவைப்பட்டால் நானே அழிக்கும்படி லேசாக
எழுதினேன்:

"எவ்வளவு பக்கத்தில் நின்றீர்கள்?"