உப்புக்குச் சப்பாணி

மூன்றாம் செவ்வாய், மாலை ஐந்தரை.
அறை எண் நான்கு, முஹர்ரக்.
பதினோரு மாதமாக இந்த ஒரே வரியைத்தான்
தேதி மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

முதல் கூட்டத்துக்கு மூன்று பேர்.
அதில் ஒருவர் ஏசி பழுதுபார்க்க வந்தவர்.
அவருக்கும் ஒரு நாற்காலி போட்டேன்.
"ஆழத்திலும் இப்படிச் சூடாகவா இருக்கும்?"
என்று அவர் கேட்டதுதான்
அன்றைய குறிப்பில் உருப்படியான வரி.

தொடங்கியது ஒரு சண்டையில்.
ஒரே படகு, ஒரே வாளி, ஒரே காலை.
எங்கள் கருவி உப்பு நாற்பத்து மூன்று என்றது.
அல்கோபார் நாற்பத்தைந்து.
தோஹா நாற்பத்தொன்று,
புள்ளிக்குப் பிறகும் மூன்று இலக்கம், சத்தியம் அடித்து.
குவைத் பதிலே போடவில்லை.
"உட்கார்ந்து பேசலாமே" என்று எழுதியவள் நான்.
எழுதிய கைதான் மாட்டிக்கொள்ளும் என்று
எவராவது அப்போதே சொல்லியிருக்கலாம்.

ஷார்ஜாவுக்கு ஞாயிறு ஓய்வு, எங்களுக்கு இல்லை.
மஸ்கட் கடிகாரம் ஒரு மணி முன்னால்.
நோன்பு மாதத்தில் இரவு ஒன்பதரைக்கு மேல்.
டாக்டர் பதூலுக்கு நேர் எதிரே
டாக்டர் ஹத்தானை உட்காரவைக்கக் கூடாது.
முஅதஸ்ஸுக்குச் சர்க்கரை இல்லாத தேநீர்,
ரோவெனாவுக்கு அவர் பங்குச் சர்க்கரையும்.

நான் கட்டுரை எழுதுகிறவள் அல்ல.
பாட்டில் கழுவுகிறேன், எண் ஒட்டுகிறேன்.
அவர்கள் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில்
நன்றி என்ற சொல்லுக்குப் பின்னால்
என் பெயர் எலிலரசி.
ழகரம் விமானம் ஏறாது போலும்.
ஆய்வகத்தில் எலி இருப்பது வழக்கம்தானே
என்று விட்டுவிட்டேன்.

கண்ணாமூச்சியில்
தொட்டாலும் கணக்கில்லாத சின்னப் பிள்ளைக்கு
ஒரு பெயர் வைத்திருப்போமே,
உப்பு அளக்கும் கூட்டத்தில்
அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு பொருத்தம்.

எட்டாம் மாதம்
பாலத்தின் மேல் லாரி கவிழ்ந்தது.
ஐஸ் பெட்டியோடு ஹத்தான்
நடுத்தீவின் கடவுச்சீட்டு வரிசையில்
இரண்டு மணி நேரம், நகராத காருக்குள்.
போனை மேசை நடுவே, கவிழ்த்த தேநீர்க் கோப்பை மேல் வைத்தேன்.
குரல் வந்தது, ஹார்ன் வந்தது,
பிறகு கொஞ்ச நேரம் ஏசி இரைச்சல் மட்டும்.

"எங்கள் நாற்பத்தைந்து" என்றார்,
"அது தப்பு.
அளவு திருத்தும் கரைசல் காலாவதியாகி
இரண்டு வருஷம்.
போன வாரம்தான் லேபிளைப் பார்த்தேன்."

யாரும் பேசவில்லை.
பதூல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
ஏற்கெனவே துடைத்ததை.
"எங்கள் வெப்பமானியை
நான் சேர்ந்த நாளிலிருந்து யாரும் சோதித்ததில்லை."
திரையில் தோஹா தொண்டையைச் செருமியது.
மூன்றாம் இலக்கம் கண்மதிப்பாம்.
எட்டு மாதத்தில் முதல் தடவையாக
குவைத் வாய் திறந்தது:
"எங்களுடையது உடைந்து கிடக்கிறது.
வாங்கப் பணம் இல்லை. சொல்ல வெட்கம்."

பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.
இந்தக் குறிப்பு ஏழு இயக்குநர்களுக்கும் போகும்.
ஒரு வரி எழுதினேன்:
கருவிகள் குறித்து விவாதிக்கப்பட்டது.
யாரும் திருத்தம் கேட்கவில்லை.

இப்போது ஒரே கேனிலிருந்து
ஏழு பாட்டில் நிரப்பி அனுப்புகிறேன்.
எண்கள் இன்னும் ஒட்டவில்லை,
ஆனால் விலகலுக்கு ஆளுக்கொரு காரணம்
எழுதி அனுப்புகிறார்கள்.
குவைத்துக்கு எங்கள் பழைய கருவி போயிருக்கிறது,
துணியில் சுற்றி, ஒருவர் மடியில்.

அடுத்த கூட்டம்:
மூன்றாம் செவ்வாய், மாலை ஐந்தரை, அறை எண் நான்கு.
ப்ரொஜெக்டர் கேபிளை யாரோ எடுத்துப் போயிருக்கிறீர்கள்.
பெயர் கேட்க மாட்டேன்.
கொண்டுவந்து
மேசைமேல் வைத்தால் போதும்.